பின்னல் துணியில் ஒரு குளிர்ச் சட்டை

தோட்டப்புற இல்லங்களில் தையல் இயந்திரம் புதுமைப் பொருளன்று. காலால் மிதித்து ஓட்டும் பழைய இயந்திரத்தில் தாயார் தைப்பதைப் பார்த்தே மகள் பழகிக்கொண்ட குடும்பங்கள் பல. இரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, தலையணை உறை, சன்னல் திரை ஆகிய அனைத்தையும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் சகோதரிகள், பனியன் துணி என்றால் மட்டும் தயங்கிப் பின்வாங்குகின்றனர். அத்துணி இழுபடும், வீட்டு இயந்திரம் அதைத் தைக்காது, அது தொழிற்சாலைக்கு உரிய வேலை என்பது பரவலான எண்ணம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. துணி இழுபடும் என்பது மெய். வீட்டில் தைக்க இயலாது என்பது மெய்யன்று.

தோட்டத்தில் வாழ்வோருக்கு நீண்ட கையுள்ள ஒரு குளிர்ச் சட்டை ஆடம்பரம் அன்று. பால்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியலுக்கு முன்னரே அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிடுவதால் அவ்வழுத்தம் குறைந்து, பால் ஓட்டமும் குறைந்துவிடும். ஆகையால் மரம் வெட்டுவோர் இருள் பிரியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. கேமரன் மலையிலோ நிலைமை இன்னும் கடுமை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தா வட்டாரத்தில் இரவில் வெப்பம் 15 பாகை செல்சியசு அளவுக்கு இறங்குவதுண்டு. சமவெளித் தோட்டங்களில் அத்தகைய குளிர் இல்லையெனினும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகாலை மோட்டார் சைக்கிளில் தந்தையின் பின்னால் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் மார்பில் அறையும் காற்றை எண்ணிப் பார்த்தால், சட்டையின் தேவை விளங்கும். நீண்ட கை கொசுக்கடிக்கும் ஓர் அரணாகும்.

மலாய் அண்டை வீட்டார் ‘பாஜு செஜோக்’ என்று அழைக்கும் இச்சட்டை இரவுச் சந்தைகளில் மலிவாகவே கிடைக்கிறதே, பின் ஏன் தைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். புதுத் துணி, ஜிப், நூல் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால் சில வேளைகளில் சந்தைச் சட்டையே மலிவாக முடியும். அளவு பொருந்துமானால் அதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால், கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரிவதும், மூன்று சலவையில் அடிப்பட்டை தளர்ந்து தொங்குவதும், உழைத்து அகன்ற தோள்களுக்குச் சட்டை இறுக்கமாய் இருப்பதும் அத்தகைய சட்டைகளில் அடிக்கடி காணும் குறைகள். தைக்கத் தெரிந்தவர் இக்குறைகளுக்கு உட்பட வேண்டியதில்லை. பின்னல் துணியைக் கையாளப் பழகிய ஒருவர், கிழிந்த பனியனைச் சீர்செய்வார்; பெரியவரின் சட்டையைச் சிறுவனுக்கு மாற்றித் தருவார்; அயலாருக்குத் தைத்துக் கொடுத்துச் சிறிது வருவாயும் காண்பார்.

பின்னலும் நெசவும்

நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றின் மேலும் கீழுமாகக் குறுக்கே செல்கின்றன. நூல்கள் நேராக இருப்பதால் அவற்றை இழுத்தால் நீளுவதற்கு இடமில்லை. பின்னல் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணிக்குள் அடுத்த வரிசைக் கண்ணி நுழைந்து செல்கிறது. துணியை இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளைந்த கண்ணி நேராகிறது. விட்டுவிட்டால் மீண்டும் வளைகிறது. பனியன் துணியின் குணம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

கையால் ஊசி கொண்டு பின்னும் இக்கலைக்கு முதன்முதலில் இயந்திரம் அமைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்காம் அருகில் வாழ்ந்த வில்லியம் லீ என்னும் சமயகுரு. ஆண்டு 1589. காலுறை பின்னுவதற்காக அவர் அமைத்த சட்டத்திலிருந்தே இன்றைய பின்னல் இயந்திரங்கள் வளர்ந்தன. கம்பளிப் பின்னலுக்குப் பெயர்பெற்ற ஜெர்சித் தீவின் பெயரே மெல்லிய பனியன் துணிக்கு ‘ஜெர்சி’ என நிலைத்தது. முன்புறம் திறந்த பின்னல் சட்டைக்கு வழங்கும் ‘கார்டிகன்’ என்ற பெயர், 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரில் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபுவின் பெயரேயாகும். போரில் அவர் பெற்ற புகழைவிடச் சட்டை பெற்ற புகழ் நீடித்துவிட்டது!

நெய்த துணியில் தைத்துப் பழகிய கை, பின்னல் துணியைத் தொட்டவுடன் செய்யும் தவறு ஒன்றே. அளவு பொருந்தாத இடத்தில் துணியைச் சற்று இழுத்துப் பொருத்திவிடுகிறது. இரவிக்கைத் துணி அவ்வாறு இழுக்க இணங்காது; ஆகவே தவறு உடனே தெரிந்துவிடும். பனியன் துணி மறுப்பின்றி இணங்கும். தைத்து முடித்தபின் தோள் சரிந்து, முன்பக்கம் அலை அலையாக எழுந்து நிற்கும். ஆகவே பின்னல் துணியில் தைப்போர் துணியின் அளவை நம்பலாகாது. வடிவத்தாளின் அளவையே நம்ப வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை தைப்போருக்கு இன்டர்லாக் துணி ஏற்றது. அதன் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளாது. உட்புறம் மென்மயிர் எழுப்பிய கனத்த பனியன் துணியும் நல்லதே. குளிருக்கு அதுவே சிறந்தது. மெல்லிய ஜெர்சியை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். அதன் விளிம்புகள் வெட்டியவுடன் பாயைப் போலச் சுருளும். தொடக்கக்காரரின் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும்.

துணி எவ்வளவு இழுபடும் என்பதைக் கடையிலேயே சோதித்துக் கொள்ளலாம். துணியைக் குறுக்குவாக்கில் மடித்து, மடிப்பில் 10 சென்டிமீட்டரை இரு விரல்களால் பிடித்து, அளவுகோலின் மேல் வைத்து இயல்பாக இழுத்துப் பார்க்கவும். 12 முதல் 13 சென்டிமீட்டர் வரை எளிதாக வந்தால் மேற்சட்டைக்குப் போதும். அதைவிட முக்கியமானது, விட்டவுடன் அது 10க்கே திரும்புகிறதா என்பது. திரும்பாமல் தளர்ந்து கிடக்கும் துணியில் தைத்த சட்டையின் முழங்கைப் பகுதி சில நாள்களிலேயே பைபோல் புடைத்துவிடும்.

மணிக்கட்டுக்கும் அடிப்பகுதிக்கும் வரிவரியான ‘ரிப்’ துணி வேண்டும். 150 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியானால், நடுத்தர அளவுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மீட்டரும், ரிப் துணியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரும் போதும்.

கைவசம் பணம் குறைவாயின் வேறொரு வழியும் உண்டு. பழைய ஆடைகள் விற்கும் ‘பண்டல்’ கடைகளில் மிகப் பெரிய அளவுள்ள கனத்த பனியன் சட்டைகள் கிடைக்கும். அவற்றைத் தையல் பிரித்தால் ஒரு சிறுவனின் சட்டைக்கு வேண்டிய துணி கிடைக்கும். பலமுறை சலவையான துணியாதலால் இனிச் சுருங்கும் அச்சமும் குறைவு. அதிலுள்ள ரிப் பட்டை தளராமல் இருப்பின் அதையே திரும்பப் பயன்படுத்தலாம். முதல் பயிற்சியை இத்தகைய துணியில் செய்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. கத்தரி தவறினாலும் மனம் பதறாது.

புதுத் துணியை வாங்கி வந்தவுடன் வெட்டிவிடக் கூடாது. பருத்திப் பின்னல் துணி முதற்சலவையில் நன்கு சுருங்கும். அதிலும் அகலத்தைவிட நீளத்தில் மிகுதியாகச் சுருங்குவது வழக்கம். சட்டையைப் பின்னாளில் எவ்வாறு துவைக்கப் போகிறோமோ, அவ்வாறே துணியை முன்னதாகத் துவைத்து உலர்த்த வேண்டும். கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் நீண்டுவிடும். பாயின் மேல் பரப்பியோ, இரண்டு மூன்று கொடிகளின் மேல் படுக்கையாக இட்டோ உலர்த்தவும். உலர்ந்த துணி ஓரிரவு சுருட்டாமல் பரந்து கிடக்கட்டும். கடையில் உருளையில் இறுக்கிச் சுற்றியிருந்தபோது நீண்ட கண்ணிகள் அதற்குள் தம் நிலைக்குத் திரும்பிவிடும்.

வடிவத்தாள்

‘பேட்டர்ன்’ எனத் தையற்காரர்கள் வழங்கும் வடிவத்தாள், பல அளவுகளில் விற்கப்படுவது 1863இல் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் அதைத் தொடங்கினார். அதற்குமுன் இதழ்களில் வந்த வடிவங்கள் ஒரே அளவில் இருந்தன. பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் தைப்பவரின் பாடு. இன்று ஒரே தாளில் பல அளவுகள் பல வகைக் கோடுகளாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் தமக்குரிய கோட்டை மட்டும் பழுப்புத் தாளிலோ பழைய நாட்காட்டித் தாளிலோ படியெடுத்துக்கொள்வது நல்லது. மூலத்தாளை வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்தபின் பெரிய அளவு நம்மிடம் இராது.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் வாங்கும் சட்டையின் எண்ணைக் கருத வேண்டாம். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து, வடிவத்தாளின் உறையில் உள்ள அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும். மார்பு 36 அங்குலம் உள்ளவருக்கு உள்ளே ஒரு சட்டை அணிந்து மேலே அணிய, முடிந்த சட்டை 40 அங்குலம் சுற்றளவு இருந்தால் போதும். நெய்த துணியில் இன்னும் தாராளம் வேண்டியிருக்கும். பின்னல் துணியே சற்று விட்டுக்கொடுப்பதால் இங்கு அது தேவையில்லை. இதே காரணத்தால், நெய்த துணிக்கென வரைந்த வடிவத்தாளைப் பனியன் துணிக்குப் பயன்படுத்தினால் சட்டை சாக்குப் பைபோல் அமையும். பனியன் துணிக்குரிய தாளைக் கொண்டு நெய்த துணியை வெட்டினால் கையே நுழையாது. எவ்வகைத் துணிக்கு உரியது என்று உறையில் எழுதியிருப்பதை முதலில் படிக்கவும். தையலுக்கு விட வேண்டிய ஓரம் தாளில் சேர்க்கப்பட்டுள்ளதா, நாம்தான் சேர்க்க வேண்டுமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னல் துணிக்கான தாள்கள் பலவற்றில் கால் அங்குல ஓரமே விடப்பட்டிருக்கும்.

வடிவத்தாள் கிடைக்காதவர்கள் நன்கு பொருந்தும் பழைய சட்டை ஒன்றிலிருந்து வடிவம் எடுக்கலாம். சட்டையை மேசையில் இழுக்காமல் பரப்பி, முதுகுப் பகுதி, முன்பகுதியின் ஒரு பாதி, கை ஆகிய மூன்றையும் தனித்தனியே தாளில் வரைந்து, சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்துக்கொண்டால் போதும். கைக்குழியின் வளைவை மட்டும் குண்டூசியால் தையலின் மேல் குத்திக் குத்தித் தாளில் புள்ளியிட்டு எடுக்க வேண்டும்; கண்ணளவில் வரைந்தால் வளைவு தவறிவிடும்.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது அகலத்தை மிகுதியாக்குவதில் பயனில்லை. பிள்ளைகள் நீளத்தில் விரைந்து வளர்கின்றனர். ஆகவே கை நீளத்தில் 2 அங்குலம் கூட்டி, மணிக்கட்டுப் பட்டையை நீளமாக வைத்து மடித்துவிட்டால், அடுத்த ஆண்டு மடிப்பை இறக்கிவிடலாம்.

வெட்டுதல்

வடிவத்தாளில் அம்புக்குறியுள்ள ஒரு நேர்கோடு இருக்கும். துணியில் மேலிருந்து கீழாக ஓடும் கண்ணி வரிசையோடு அக்கோடு ஒத்துச் செல்ல வேண்டும். நெய்த துணியில் ஓரக் கரையைப் பார்த்து வைப்போம். பின்னல் துணியில் கரை கோணலாக இருப்பதுண்டு. ஆகவே துணியை உற்றுப் பார்த்து, ஒரு கண்ணி வரிசையின் மேல் சுண்ணக்கட்டியால் மெல்லிய கோடிட்டு, அதையே துணையாகக் கொள்ளவும். மிகுதியாக இழுபடும் வாட்டம் எப்போதும் உடலைச் சுற்றி வர வேண்டும். மாறி வெட்டினால் சட்டை நாளுக்கு நாள் நீண்டு, அகலத்தில் இறுகும். மென்மயிர்த் துணியானால் எல்லாத் துண்டுகளும் ஒரே திசை நோக்கி இருப்பதும் அவசியம். இன்றேல் ஒரு பகுதி வேறு நிறம் போலத் தெரியும்.

துணியின் ஒரு பகுதி மேசையிலிருந்து கீழே தொங்கலாகாது. தொங்கும் பாரம் மேலிருக்கும் பகுதியை இழுத்து நீட்டிவிடும். மேசை சிறிதாயின் சிமெந்துத் தரையே மேல். குண்டூசிக்குப் பதிலாகப் பால் டின்களையோ வழுவழுப்பான கற்களையோ பாரமாக வைத்தால் துணி கோணாமல் இருக்கும். கத்தரி கூராக இருக்க வேண்டும். மொண்டைக் கத்தரி பின்னல் துணியை வெட்டாது, மெல்லும்.

ஊசியும் நூலும்

பின்னல் துணியில் தைக்கும்போது தையல் விட்டு விட்டு விழுந்தால் இயந்திரத்தைக் குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் ஊசியினுடையது. இரவிக்கைத் துணிக்குரிய கூர்முனை ஊசி கண்ணியின் நூலையே குத்தி அறுத்துவிடுகிறது. அவ்விடத்தில் சிறு துளை விழுந்து, சில சலவைக்குப்பின் அது பெரிதாகிறது. இதற்கென முனை சற்று உருண்ட ஊசி விற்கப்படுகிறது. அது நூலைக் குத்தாமல் கண்ணிகளுக்கிடையே விலகி நுழையும். மெல்லிய துணிக்கு 11ஆம் எண், கனத்த துணிக்கு 14ஆம் எண் போதும். வீட்டு இயந்திரத்துக்குரிய அடிப்பகுதி வகையைக் கடைக்காரரிடம் கூறி வாங்கவும். பழைய ஊசியைக் காட்டிக் கேட்பது இன்னும் பாதுகாப்பு.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் துணியோடு சேர்ந்து நீளாது. தலைவழியாகச் சட்டையைக் கழற்றும் முதல் நாளே தையல் தெறிக்கும். கோணல் தையல் போடும் வசதியுள்ள இயந்திரமானால், அகலம் 1 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் நீளம் இரண்டரை மில்லிமீட்டராகவும் வைத்துத் தைத்தால், பார்வைக்கு நேர்த்தையல் போலவே தோன்றும், இழுத்தால் விட்டுக்கொடுக்கும்.

நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மிதி இயந்திரத்திலும் வழி உண்டு. பக்கத் தையல், கைத் தையல் போன்ற நீண்ட தையல்களில் மட்டும், ஊசிக்கு முன்னும் பின்னுமாகத் துணியை இரு கைகளாலும் சம அளவில் மிக மெல்ல விறைப்பாகப் பிடித்துத் தைக்கவும். தையலுக்குள் சிறிது நூல் மிகுதியாகச் சேர்ந்து, பின்னர் துணி நீளும்போது தெறிக்காமல் காக்கும். கால் அங்குலத்துக்குள் இரண்டாம் வரிசை ஒன்றும் போட்டால் நன்கு உழைக்கும். தோளிலும் முன்பக்க ஓரத்திலும் இவ்வாறு விறைப்பாகப் பிடிக்கவே கூடாது. இயந்திரத்தின் பற்கள் துணியை அலை அலையாகத் தள்ளினால், துணியை அழுத்தும் பாதத்தின் இறுக்கத்தைக் குறைக்கவும். குறைக்கும் திருகு இல்லையேல், துணியின் அடியில் மெல்லிய தாள் துண்டு வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்து எடுத்துவிடவும். இவையனைத்தையும் வெட்டி மீந்த துண்டில் பலமுறை தைத்துப் பார்த்த பின்னரே சட்டையைத் தொட வேண்டும்.

ஓவர்லாக் இயந்திரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. பின்னல் துணியின் ஓரம் நெய்த துணியைப் போல நூல் நூலாகப் பிரிந்து வருவதில்லை. இரண்டு வரிசைத் தையலே போதும். அழகு வேண்டுவோர் பட்டணத்துத் தையற்கடையில் ஓரத்தை மட்டும் ஓவர்லாக் செய்து வாங்கலாம்.

தைக்கும் முறை

இரவிக்கை தைக்கும் வரிசை இங்குச் சிறிது மாறும். சட்டைப் பைகள் வேண்டுமாயின், முன்பகுதிகள் தட்டையாக இருக்கும்போதே அவற்றைத் தைத்துவிட வேண்டும். அடுத்து தோள் தையல். முழுச் சட்டையின் பாரமும், இரு கைகளின் பாரமும் தோளிலேயே தொங்குகின்றன. எனவே தோள் நீளத்தை வடிவத்தாளில் அளந்து, அவ்வளவில் நெய்த நாடா ஒன்றை வெட்டி, அதனோடு சேர்த்துத் தைக்கவும். துணி நாடாவைவிட நீளமாகத் தோன்றினால், கையாளும்போது நீண்டுவிட்டது என்று பொருள். அதை மெல்ல நாடாவின் அளவுக்குக் கூட்டித் தைக்க வேண்டுமே தவிர, நாடாவை நீளமாக்கலாகாது. இரவிக்கைத் துணியின் கரையை அரை அங்குல அகலத்தில் வெட்டினாலே நல்ல நாடா ஆகிவிடும். தனியாக வாங்க வேண்டியதில்லை.

தோள் முடிந்ததும், பக்கங்களை மூடுமுன்பே கையைக் கைக்குழியில் பொருத்த வேண்டும். துணி தட்டையாக விரிந்திருப்பதால் இவ்வேலை மிக எளிது. கையின் நடுப்புள்ளி தோள் தையலோடு சேரட்டும். பின்னர் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரையும், அக்குளிலிருந்து அடிவரையும் ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம்.

ரிப் பட்டையைப் பொருத்துவதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. பட்டை, அது சேரும் விளிம்பைவிடக் குறுகியதாக இருந்தால்தான் உடலைக் கவ்வும். அடிச்சுற்று 40 அங்குலமானால் பட்டை ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 32 அங்குலம் இருக்கலாம். இடுப்பு அகன்ற பெண்களுக்கு இக்கணக்கு ஒவ்வாது. இறுக்கமான பட்டை இடுப்பில் நில்லாமல் மேலேறி வயிற்றருகே சுருண்டுவிடும். அவர்களுக்கு 36 அங்குலம் வைப்பது நலம். மணிக்கட்டுப் பட்டைக்கு, விரல்களை மடித்த கையைச் சுற்றி அளந்து, பட்டையை இழுத்தால் அவ்வளவுக்கு வருகிறதா என்று பார்த்து வெட்ட வேண்டும். பட்டையையும் விளிம்பையும் நான்கு சம பங்காகப் புள்ளியிட்டு, புள்ளியோடு புள்ளியைக் குண்டூசியால் சேர்த்து, பட்டையை மட்டும் இழுத்துத் தைக்கவும். சட்டைத் துணி தன் நிலையிலேயே கிடக்கட்டும். கழுத்துப் பட்டைக்கும் இதே முறைதான். ஆயின் அங்கே மிகக் குறைவாகவே இழுக்க வேண்டும்.

இனி ஜிப். இதுவே பலரைக் கலங்க வைக்கும் இடம். ஜிப் நாடா நெய்தது, இழுபடாதது. சட்டையின் ஓரம் பின்னல், இழுபடுவது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், இயந்திரம் துணியைச் சற்று நீட்டிக்கொண்டே போகும். முடிவில் முன்பக்கம் பாம்பு நெளிவதுபோல் நெளியும். இதைத் தடுக்க, முன்பக்க ஓரங்கள் இரண்டிலும் உட்புறமாக ஓர் அங்குல அகலத்துக்கு, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் துண்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பகுதி இனி நெய்த துணிபோல் நடந்துகொள்ளும். ஜிப்பின் நீளம், வடிவத்தாளின் முன்னோரத்தோடு மேல் கீழ்ப் பட்டைகளையும் கூட்டி அளந்த அளவாக இருக்க வேண்டும். அடிப்பகுதியில் இரண்டாகப் பிரியும் வகையைக் கேட்டு வாங்கவும். ஜிப்பை மூடிய நிலையில் இரு பக்க நாடாவிலும் ஒரே உயரத்தில் நான்கைந்து பென்சில் குறிகள் இட்டு, சட்டையின் ஓரத்திலும் அதே இடைவெளியில் குறியிட்டு, முதலில் கையால் ஓட்டுத் தையல் போடவும். அணிந்து பார்த்து, பட்டைகள் இரு பக்கமும் நேராகச் சந்திக்கின்றனவா என்று கவனித்த பின்னரே இயந்திரத்தில் தைக்க வேண்டும். இரு பக்கத்தையும் அடியிலிருந்து கழுத்துநோக்கியே தைக்கவும். ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் தைத்தால் ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்துவிடும்.

ஜிப்பை வேண்டாதவர்கள் அழுத்துப் பொத்தான் வைக்கலாம். அதற்கும் கேன்வாஸ் தாங்கல் தேவை. இல்லையேல் பொத்தானை இழுத்துத் திறக்கும்போது துணி கிழிந்து துளை விழும்.

அடிப்பட்டை இல்லாமல் மடித்துத் தைக்கும் வகையாயின், சட்டையை ஓரிரவு தொங்கவிட்டு, எங்கேனும் இறங்கியிருந்தால் சமப்படுத்திய பின் மடிக்கவும். கையால் தைப்போர் இடமிருந்து வலமாகச் சென்று, ஊசியை ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் பின்னோக்கிக் குத்தி, நூல் குறுக்கே பின்னிக்கொள்ளும்படி தைத்தால், அத்தையல் துணியோடு நீண்டு கொடுக்கும்.

பிள்ளைகளின் சட்டையில்

தலைமுக்காடு வைத்துத் தைக்கும் சட்டைகளில் கழுத்தருகே இழுத்துக் கட்டும் கயிறு வைப்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் சட்டையில் இதை வைக்கவே கூடாது. விளையாட்டுச் சறுக்குமரத்திலும் பேருந்தின் கதவிலும் கயிறு சிக்கிக் குழந்தைகள் கழுத்து நெரிந்து மாண்ட நிகழ்ச்சிகளுக்குப்பின், அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் பிள்ளைகளின் மேலாடைகளில் கழுத்துக் கயிற்றைத் தவிர்க்குமாறு வழிகாட்டி வெளியிட்டது. மோட்டார் சைக்கிளின் சக்கரமும் சங்கிலியும் நம் பிள்ளைகளுக்கு அருகிலேயே இருப்பவை. அடிப்பகுதியில் தொங்கும் கயிறும் அவ்வாறே ஆபத்தானது. முக்காடு நழுவாமல் இருக்க அதன் ஓரத்தில் ரிப் பட்டையே போதும்.

மென்மயிர் எழுப்பிய பருத்தித் துணி தீயை எளிதில் பற்றும். மேற்பரப்பில் தீ விரைந்து ஓடும். விறகடுப்பு மூட்டும் வீடுகளில் இச்சட்டையுடன் அடுப்பருகே குனிய வேண்டாம். பாலியெஸ்டர் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் தீங்கே.

பால்மரக் காட்டுக்குள் வேலைசெய்யும்போது இச்சட்டையின் மேல் பழைய நெய்த சட்டை ஒன்றை அணிந்துகொள்வது நல்லது. மரப்பால் கண்ணிகளுக்குள் புகுந்து உறைந்துவிட்டால் பின்னர் எளிதில் நீங்காது. பெரட்டுக்குச் செல்லும் வழியிலும் லாரியிலும் மட்டும் அணிவதாயின் அக்கவலை இல்லை.

இஸ்திரி போடும்போது நெய்த துணியில் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் தள்ளக் கூடாது. ஈரத் துணி ஒன்றை மேலே விரித்து, பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஜிப் நெளிந்து போனாற்கூட இவ்வாறு நீராவியில் அழுத்தினால் ஓரளவு அடங்கும்.

பட்டணங்களிலும் கம்பங்களிலும் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை நடத்தும் தையல் வகுப்புகளில் சேர வாய்ப்புள்ளவர்கள், கோணல் தையல் இயந்திரத்தையும் ஓவர்லாக்கையும் அங்குப் பழகிக்கொள்ளலாம். வீட்டில் தனியே தைப்போர், முடித்தவுடன் வடிவத்தாளின் மேல் அணிபவரின் பெயர், அன்றைய மார்பளவு, கை நீளம், எங்கே எவ்வளவு கூட்டினோம் அல்லது குறைத்தோம் என்பவற்றைப் பென்சிலால் எழுதி, மடிப்பு விழாமல் சுருட்டி வைக்கவும். துணியில் மீந்த துண்டு ஒன்றையும் அதனுடன் கட்டிவைத்தால், முழங்கை தேய்ந்துபோகும் நாளில் ஒட்டுப்போட அதே நிறத் துணி கையில் இருக்கும்.